அத்தான் சொல்லாத ஓடை

என் அக்காவின் கணவர் பல் செய்பவர். பல் மருத்துவர் அச்செடுத்து அனுப்புவார். அதற்குப் பொருத்தமாகச் செயற்கைப் பல் செய்து கொடுப்பது அத்தானின் வேலை. வாரத்தில் ஆறு நாள், ஜன்னலோர மேசையில், பூதக்கண்ணாடி விளக்கின் கீழே ஊராரின் தாடைகளோடு மல்லுக்கட்டுவார். ஏழாம் நாள் மீன் பிடிக்கப் போவார்.

பிடிக்க என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். புழு வைத்து, மாவு உருட்டி வைத்துப் பிடிக்கிற ஆசாமி அல்ல அவர். பல்லுக்குக் கம்பி வளைக்கிற அதே குறட்டால் தூண்டில் முள்ளைப் பிடித்துக்கொண்டு, கோழி இறகையும் பட்டு நூலையும் சுற்றிக் கொசு அளவுக்கு ஒரு பூச்சி செய்வார். அதைத் தூண்டில் கயிற்றின் நுனியில் கட்டி, தலைக்கு மேல் முன்னும் பின்னுமாக வீசி, நிஜப் பூச்சி வந்து உட்கார்வதுபோலத் தண்ணீரில் இறக்குவார். மீன் ஏமாந்து கவ்வினால் ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்ப்பார். பிறகு முள்ளைக் கழற்றிவிட்டு மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்.

"பதினாறு வருஷமா மீன் பிடிக்கிறாரு. நம்ம வீட்டுச் சட்டிக்கு வழி தப்பிக்கூட ஒண்ணு வந்ததில்ல" என்பாள் அக்கா.

நான் சலூன் வைத்திருக்கிறேன். கத்தரி ஒரு பக்கம் ஓடும், என் வாய் ஒரு பக்கம் ஓடும். பூச்சிக்கு உடம்பு செய்ய நரைமுடி வேண்டும் என்று அத்தான் மாதம் ஒருமுறை கடைக்கு வருவார்.

"சாயம் போடாததா பார்த்து எடுத்து வை. மீன் கண்டுபிடிச்சிடும்."

"நரைச்ச தலைக்கு மதிப்பு கொடுக்கிற ஆள் இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான் அத்தான்" என்பேன்.

அப்படி ஒருநாள் நல்ல மனநிலையில் இருந்தபோது, பழைய ஆலைக்குப் பின்னால் ஒரு குட்டை இருப்பதைச் சொன்னார். அங்கே யாரும் வருவதில்லை, மீன்கள் கைக்குப் பழகின மாதிரி வருகின்றன என்றார். மறுநாளே ஒரு வாடிக்கையாளரின் கன்னத்தில் சோப்பு நுரையைப் பூசிக்கொண்டே அதை நான் சொல்லித் தொலைத்தேன். அடுத்த ஞாயிறு அந்தக் குட்டையைச் சுற்றி ஒன்பது தூண்டில்கள். இரண்டே மாதத்தில் அங்கே மீனும் இல்லை, கரையெல்லாம் பிளாஸ்டிக் பைகள். அத்தான் சண்டைக்கு வரவில்லை. "சரி விடு" என்றதோடு சரி.

அதற்குப் பிறகு எங்கே போகிறீர்கள் என்று யார் கேட்டாலும் "பெரிய குளம்" என்பார். ஊருக்கே தெரிந்த, ரோட்டோரத்துக் குளம் அது. அக்காவிடமும் அதையே சொன்னார். அக்கா காதில் காலையில் விழுந்தது என் காதுக்குச் சாயங்காலம் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். என்னை ஏமாற்ற வேண்டுமென்றால் அவளையும் ஏமாற்றியாக வேண்டும். இந்த வகை மீன்பிடிக்காரர்கள் எல்லாருமே இடத்தை மறைப்பார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அத்தான் அதைக் கட்டினவள் வரைக்கும் கொண்டுபோனார்.

சும்மா சொல்லிவிட்டுப் போகிறவரும் இல்லை. "இன்னைக்குப் படிக்கட்டுப் பக்கம் ஒரே பாசி", "படகுக்காரங்க சத்தம் தாங்கல" என்று ஒவ்வொரு வாரமும் ஒன்று சொல்வார். அக்கா கொல்லைப்புறக் குழாயடியில் உட்கார்ந்து, பழைய பல்துலக்கியால் அவருடைய பூட்ஸில் ஒட்டிய செம்மண்ணைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். ஏழு வருஷம் இப்படியே போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு அக்கா போன் செய்தாள். "நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுடா."

பாதி முடி வெட்டியிருந்த வாடிக்கையாளரை நாற்காலியிலேயே விட்டுவிட்டு ஓடினேன். பக்கத்து வீட்டு டீச்சரும் கூட வந்தார். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஒயர்களை மாட்டினார்கள். அக்கா தெளிவாகத்தான் பேசினாள்.

"அவரைக் கூட்டிட்டு வாடா."

அத்தானின் போன் சமையலறை டிராயரில் கிடந்தது. ஒருமுறை தண்ணீரில் விழுந்ததிலிருந்து அவர் அதை எடுத்துப் போவதில்லை. போகவா, இருக்கவா என்று தயங்கினேன்.

"பெரிய குளம்தானே, பத்து நிமிஷம். டீச்சர் இருக்காங்க. போய்ட்டு வா" என்றாள்.

பெரிய குளத்தை முழுசாக ஒரு சுற்று சுற்றினேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். படகு வாடகைக்கு விடுகிறவர் என்னைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"கயித்தைத் தலைக்கு மேல சுத்திச் சுத்தி வீசுறவரா? நாலு வருஷமா இங்கேயேதான் இருக்கேன். அப்படி ஒருத்தரைப் பார்த்ததே இல்லையே."

குனிந்து பார்த்தேன். என் செருப்பு முழுக்கக் கறுப்புச் சேறு. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எங்கள் ஊரில் செம்மண் செங்கல் சூளைப் பக்கம் மட்டும்தான். அந்த பூட்ஸை ஏழு வருஷமாகப் பார்த்தவன் நான்.

சூளைக்குப் பின்னால் அவருடைய கார் நின்றது. ஓடைக்கரையோடு ஓடினேன். மூன்றாவது வளைவில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். அத்தனை நிம்மதியான முகத்தோடு அவரை நான் பார்த்ததே இல்லை.

"அத்தான்!"

திரும்பாமலே இடது கையை உயர்த்தினார். சத்தம் போடாதே என்று அர்த்தம். மீன் மேலே வந்துகொண்டிருந்திருக்கும். நான் மறுபடி கத்தினேன். திரும்பி என்னைப் பார்த்தவர் முகம் சுருங்கியது.

"இந்த இடத்தை உனக்கு யார் சொன்னா?"

தண்ணீரில் இறங்கிப் போய்ச் சொன்னேன். தூண்டிலைக் கரையில் வீசிவிட்டு ஓடிவந்தார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் டீச்சர் நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"உயிர் போய் இருபது நிமிஷம் ஆச்சு" என்றார். "ரெண்டு தடவை கேட்டாங்க, வந்துட்டாங்களான்னு. அப்புறம், 'பெரிய குளம் அவ்வளவு தூரமா டீச்சர்?'ன்னு கேட்டாங்க."

கூடவே இருந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். காப்பாற்றுவது டாக்டர் வேலை. பக்கத்தில் இருக்க வேண்டியது எங்கள் வேலை, அதை நாங்கள் இரண்டு பேருமே செய்யவில்லை. அத்தான் அந்தச் செம்மண் பூட்ஸோடு கட்டில் பக்கத்தில் சாயங்காலம் வரை நின்றுகொண்டிருந்தார்.

உன் வாயால் வந்த வினை என்று என்னைத் திட்டுவார் என எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. ஒரே ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, "அவகிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றார்.

"நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்" என்றேன். அப்படியெல்லாம் இல்லை என்று அவரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் அவருக்குச் சொல்லவில்லை.

கரையில் கிடந்த தூண்டிலை நான்தான் போய் எடுத்துவந்தேன். ஒரு வருஷம் அதை அவர் தொடவில்லை. இப்போது மறுபடி போகிறார். எங்கே மீன் பிடிக்கிறார் உங்கள் அத்தான் என்று கடையில் யாராவது கேட்டால், பெரிய குளம் என்று சொல்லிவிடுகிறேன். இப்போது வாய் அடங்கி என்ன பிரயோஜனம்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் அவர் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டை நான் காலையிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வருவேன். ஒரு சாவி என்னிடம் இருக்கிறது. வாராவாரம் ஃபிரிட்ஜ் கதவில் புதிதாக ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். பல் டப்பாக்களின் மேல் எழுதுகிற அதே பொடி எழுத்து.

"செங்கல் சூளைக்குப் பின்னால் ஓடை. மூன்றாவது வளைவு. போன் சட்டைப்பையில் இருக்கிறது. பதினொன்றுக்குள் வந்துவிடுவேன்."

முதல் தடவை எனக்குத்தான் எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். அக்கா குள்ளம். சீட்டு அவள் கண்ணுக்கு நேராக ஒட்டியிருக்கிறது. நான் குனிந்துதான் படிக்க வேண்டியிருக்கிறது.