கட்டினவர் ஏறாத காவல் படகு

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, வாகரையிலிருந்து மட்டக்களப்பு வாவிக்கரைக்குப் போய், கடற்படைக்குக் காவல் படகு கட்டும் கம்பனி ஒன்றைப் பார்த்து வந்தேன். அன்றைக்கு அவர்களின் முதல் படகைத் தண்ணீரில் இறக்கும் விழா. பொதுமக்களும் வந்து பார்க்கலாம் என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். அடுத்த படகுகள் இறங்கும்போது நீங்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நினைக்கலாம். அதனால் வழியையும் நேரத்தையும் காசையும் சரியாக எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழைகளைப் பேத்தி திருத்தி, தன் இணையப் பக்கத்தில் போடுவாள். கோபத்தைத் திருத்த வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

வேடிக்கை பார்க்கவென்று நான் போகவில்லை. என் மகள் சுகந்தி அந்தக் கம்பனியில் நாலு வருசமாக வேலை செய்கிறாள். கட்டி முடித்த படகின் உடம்பில் சவர்க்காரப் பெட்டி அளவான ஒரு கருவியை வைத்து, ஃபைபர் எத்தனை தடிப்பு என்று அளந்து, எழுதி, கையெழுத்து வைப்பது அவள் வேலை. அந்தக் கையெழுத்து இல்லாமல் படகைக் கடற்படை பொறுப்பெடுக்காது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் போன் எடுத்தாள்.

"அம்மா, வியாழன் விழாவில உங்களத் தேங்காய் உடைக்கக் கூட்டிட்டு வரட்டாம்."

"என்னை ஏன் புள்ள கூப்பிடுறாங்க? அங்க ஆக்கள் இல்லையா?"

பிறகு எல்லாம் வந்தது. படகின் முன்பக்க அடியில் ஐந்து இடம் மெலிந்திருக்கிறது. வரைபடத்தில் உள்ள தடிப்பு அங்கே இல்லை. மனேஜரிடம் சொன்னாளாம். அவர், "பெயின்ட் அடிச்சா ஆருக்குத் தெரியப்போகுது மகள்? முதல் படகு சொன்ன நாளுக்குப் போனாத்தான் மிச்ச அஞ்சு படகும் எங்களுக்கு" என்றாராம். வியாழன் காலை கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாதம் அவளுக்கு வேலைக் கொந்தராத்து இல்லை. மருமகன் உயிரோடு இல்லை. இரண்டு பெண்பிள்ளைகளும் அவள் சம்பளத்தில்தான் படிக்கிறார்கள். மகளை இளக்குவதற்குத் தாயை மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எப்படி மூளை வேலை செய்கிறது பாருங்கள்.

"வாறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தக் கம்பனியின் சேர்மனை எனக்கு இருபது வருசமாகத் தெரியும். அவருக்கு என்னைத் தெரியாது. பெயரை எழுதினால் இந்தப் பக்கத்தையே மூடவைத்துவிடுவார்கள் என்று பேத்தி சொல்கிறாள், அதனால் சேர்மன் என்றே எழுதுகிறேன். சுனாமிக்கு அடுத்த வருசம் அவர் ஒரு தகரக் கொட்டிலில் நிவாரண வள்ளம் செய்து லொறி லொறியாக அனுப்பினவர். எங்கள் ஊருக்கும் வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுத் தோணி இறங்கும்போது, அதைக் கட்டினவர் அணியத்தில், அதுதான் முன்தலையில், குந்திக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். அவர் நனையாமல் திரும்பினால்தான் வாங்கினவர் துடுப்பைத் தொடுவார். நிவாரண வள்ளத்தோடு கட்டினவர் வரவில்லை, லொறிச் சாரதிதான் வந்தான். என் தம்பி யோகன் கேட்டான்: "அக்கா, கட்டின ஆள் வராம எப்பிடி இறக்குற?" நான்தான் சொன்னேன்: "தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாப்பாங்களா? குடுத்த ஆக்கள் மனம் நோகும். இறக்குடா." மரியாதை பார்த்தேன். ஏழாம் நாள் விடியற்காலை அந்த வள்ளம் அடி நீளத்துக்குப் பிளந்தது. என் கணவர் காலியான எண்ணெய்க் கானைப் பிடித்து மிதந்து கரை சேர்ந்தார். யோகன் சேரவில்லை.

கொட்டிலுக்குப் போய்க் கேட்டோம். இதே சேர்மன் கதிரையை விட்டு எழும்பாமலே சொன்னார்: "பாறையில ஏத்தியிருப்பீங்க." அவ்வளவுதான். யோகன் போன இடத்தில் பாறையே இல்லை. இருபது வருசம் அந்த ஒரு வசனத்தை நான் விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை. சுகந்திக்கு அங்கே வேலை கிடைத்தபோது சண்டை பிடித்தேன். "வேற எங்கம்மா எனக்கு வேலை தாறாங்க?" என்றாள். போ என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கம்பனிக் கேற்றை மிதிக்கமாட்டேன் என்றிருந்தேன், மிதிக்கவுமில்லை, இந்த வியாழன் வரைக்கும்.

இனி வழி. வாகரையிலிருந்து மட்டக்களப்புக்குக் காலை 5.40 பஸ். ஆளுக்கு 270 ரூபாய். பனிச்சங்கேணிப் பாலத்தைத் தாண்டும்போது வெளிச்சம் வந்துவிடும். கடற்காற்றுக்கு ஆசைப்பட்டு இடப்பக்கம் இருக்காதீர்கள், காலை வெயில் முழுக்க அந்தப் பக்கம்தான். வாழைச்சேனையில் பத்து நிமிடம் நிற்பார்கள். பிளேன் டீ 50 ரூபாய், சீனி கேட்டு வாங்க வேண்டும். 7.35க்கு மட்டக்களப்பில் இறங்கினேன். அங்கிருந்து களுவாஞ்சிக்குடிப் பஸ், 80 ரூபாய். கல்லடிப் பாலம் தாண்டி இருபத்தைந்து நிமிடத்தில் இறங்கி, வாவிப் பக்கம் ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே போக வேண்டும். ஓட்டோவுக்கு 300 கேட்டான். 250க்கு வந்தான்.

"எங்கம்மா, கப்பல் கம்பனிக்கா? பேரப்பிள்ளைக்கு வேலை கேட்டா?" என்றான் ஓட்டோக்காரன்.

"தேங்காய் உடைக்க."

"சேர்மன்ட தலையிலயா?" என்று சிரித்தான். அவனுடைய மச்சானும் அங்கே ஒரு வருசம் பிசின் பூசினவனாம். முகமூடி கேட்டதற்கு வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். நல்ல பொடியன், மிச்சக் காசைச் சரியாகத் தந்தான்.

8.50க்குக் கேற்றடி. உள்ளே போனதும் முதலில் தெரிவது படகு இல்லை, சேர்மனின் படம். இரண்டாள் உயரம். அதன் கீழே "நாங்கள் ஒரே குடும்பம்" என்று மூன்று பாஷையிலும் எழுதியிருக்கிறது. குடும்பத்தில் தாயைக் காட்டி மகளை மிரட்டுவார்களா என்று அந்தப் படத்தைப் பார்த்தே கேட்டேன். பக்கத்தில் நின்ற காவலாளி வேறு பக்கம் பார்த்தான்.

வாவியை நோக்கிச் சரிவாகக் கொங்கிறீட் போட்டு, தண்டவாளம் வைத்து, அதன்மேல் வண்டிலில் படகு நின்றது. சாம்பல் நிறம், நீளம் பதினைந்து மீற்றராம். பொய் சொல்லக்கூடாது, வடிவான படகு. மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதைக் கட்டின பிள்ளைகள் எல்லாரும் எங்கள் வாவிக்கரைப் பிள்ளைகள். அவர்களின் கையில் பிழை இல்லை, கையில் கொடுத்த பாய் குறைவு. ஃபைபர் பாயை ஒன்றின்மேல் ஒன்றாகப் பிசின் பூசி ஒட்டித்தான் தடிப்பு வர வேண்டும். சொன்ன நாளுக்கு முடிக்க வேண்டும் என்று மேலே இருந்து சொன்னால், கீழே ஒரு பாய் குறையும். இதுதான் அந்த வியாபாரம். நாள் குறிப்பவர் கடலுக்குப் போவதில்லை.

நான்கு கடற்படைப் பிள்ளைகள் மிதவைச் சட்டை போட்டு ஏறத் தயாராக நின்றார்கள். மீசை சரியாக முளைக்காத வயசு. சண்டைக் காலத்தில் கடலுக்குப் போகக் கடற்படையிடம் பாஸ் எடுக்க வெயிலில் காய்ந்ததை நான் மறக்கிற ஆள் இல்லை. கடற்படையின் வெள்ளை உடுப்பைக் கண்டால் இன்றைக்கும் ரோட்டின் மற்றப் பக்கம் மாறித்தான் நடப்பேன். ஆனால் அதில் ஒருவன் யோகனைப் போலவே ஒரு காலை மடித்துக்கொண்டு நின்றான். எந்த ஊர்த் தாய் பெற்றாளோ.

தொழிலாளர் குடும்பங்கள் இருந்த கூடாரத்தில் சுகந்தியைக் கண்டேன். முகம் வீங்கியிருந்தது. மடியில் அளவெழுதின கோப்பு. மனேஜர் பக்கத்திலேயே நின்றார்.

"அம்மா வந்திட்டாங்க. இனி மங்களமா வைங்க மகள்" என்று பேனையை நீட்டினார்.

"தேங்காய் உடையட்டும் தம்பி, பிறகு வைப்பாள்" என்றேன் நான். சுகந்தி என்னைப் பார்த்த பார்வையில் பாதி பயம், பாதி கோபம்.

சேர்மன் மேடையில் பேசினார். தகரக் கொட்டிலில் தொடங்கினாராம். வியர்வை சிந்தினாராம். "நான் கட்டின படகு, நான் கட்டின படகு" என்று எட்டுத் தடவை சொன்னார். எண்ணிக்கொண்டிருந்தேன். கொட்டிலைப் பற்றிச் சொன்னவர், அதிலிருந்து போன வள்ளங்களைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

10.20க்கு என்னைக் கூப்பிட்டார்கள். படகின் மூக்குக்கு நேரே கல் வைத்திருந்தது. ஒரு பிள்ளை மைக்கை என் வாயருகே பிடித்தாள். நான் மடியிலிருந்து ஐந்து ரூபாய்க் குற்றியை, அதுதான் நாணயத்தை, எடுத்தேன். யோகன் போன பிறகு எங்கள் ஊரில் எவரும் தட்டிப் பார்க்காமல் வள்ளம் வாங்குவதில்லை. பக்கவாட்டில் தட்டினேன். டொக் என்று கல்லில் தட்டின மாதிரி. முன்பக்க அடியில் தட்டினேன். வெறும் தகரப் பேணியைத் தட்டின சத்தம். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"தேங்காய் உடைக்கிறன்" என்றேன். "அதுக்கு முதல் எங்கட ஊர் வழக்கம் ஒண்டு இரிக்கு. கட்டினவர் அணியத்தில குந்தி முதல் சுற்றுப் போகோணும். ஏறுங்க சேர்மன் தம்பி."

சனம் கைதட்டியது. பாராட்டு என்று நினைத்தார்கள். சேர்மனும் சிரித்தார்.

"நான் சேர்மன் அம்மா. கட்டினது இந்தப் பிள்ளையள்தான்."

"இப்பதானே நான் கட்டினது, நான் கட்டினது என்டீங்க?"

"சப்பாத்து நனைஞ்சிரும் அம்மா."

"கழட்டித் தாங்க. நான் பிடிக்கிறன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிரதம விருந்தினராக வந்த கடற்படைப் பெரியவர் தன் பக்கத்தில் நின்ற கடற்படைப் பொடியனிடம் என்னவென்று சிங்களத்தில் கேட்டார். அந்தப் பொடியன் விஷயத்தைச் சொல்லிவிட்டு, உடைந்த தமிழில் திரும்பிச் சொன்னான்: "பெரிய சேர் சொல்றாங்க, நல்ல வழக்கம். பெரிய சேரும் ஏறுறாங்க. சேர்மன் ஐயாவும் வாங்க."

சேர்மன் அசையவில்லை. எனக்குக் கடல் ஒத்துக்காது என்றார். எதிரே இருந்தது வாவி, பாயைப் போல விரிந்து கிடந்தது. அவருடைய கண் படகின் அடிக்குப் போய்வந்ததை நான் பார்த்தேன். அந்த மனுசனுக்குத் தெரியும். அன்றைக்குக் கொட்டிலிலும் தெரிந்திருக்கும். எனக்கு அந்த ஒரு பார்வை போதும்.

சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. பெரியவர் மேடையிலிருந்து இறங்கி வந்து கோப்பைக் கேட்டார். மனேஜர் சுகந்தியிடமிருந்து அதைப் பறிக்கப் போனார். அவள் விடவில்லை. தானே நடந்து வந்து, சிங்களத்தில் பெரியவரிடமும், தமிழில் எல்லாருக்கும் சொன்னாள்: "அஞ்சு இடம் மெல்லிசு சேர். என்ட கையெழுத்து இதில இல்ல." பெரியவர் நின்றபடியே மூன்று தாளை வாசித்தார். பிறகு ஒரே ஒரு சொல் சொன்னார். நான்கு பிள்ளைகளும் மிதவைச் சட்டையைக் கழற்றினார்கள்.

விழாவுக்குக் கட்டியிருந்த பலூன்களை மட்டும் யாரோ பறக்கவிட்டார்கள்.

சேர்மன் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "ஆரம்மா நீங்க? எந்த ஊர்?"

"வாகரை. உங்கட வள்ளத்தைப் பாறையில ஏத்தினமே, அந்த ஆக்கள்."

அவர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். இருபது வருசம் நான் ஒத்திகை பார்த்த வசைகளில் ஒன்றுகூட அதற்குப் பிறகு எனக்குத் தேவைப்படவில்லை.

கேற்றில் சுகந்தியின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாமாம். சாப்பாட்டுப் பார்சலைக்கூடத் தரவில்லை. அவளும் என்னோடு பஸ் ஏறினாள். கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட வரும்போது சொன்னாள்: "உங்களுக்கு என்ன, தேங்காயோட போயிருவீங்க. ரெண்டு புள்ளையளோட நான் என்ன செய்ற?"

"வாகரைக்கு வா. கஞ்சியெண்டாலும் குடிப்பம்."

"கஞ்சி குடிச்சா பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஆர் குடுக்குற?" என்று சீறினாள். நியாயம். பாலம் தாண்டின பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க வராட்டி கையெழுத்து வச்சிருப்பன் அம்மா" என்றாள். அதைத்தான் நான் அந்தச் சேர்மனுக்கு இன்னொரு கணக்காக எழுதி வைத்திருக்கிறேன். என் பிள்ளையை அந்த இடத்துக்குத் தள்ளினதற்கு.

பிறகு வந்த செய்தி: படகைத் திரும்பக் கொட்டகைக்குள் இழுத்து, முன்பக்க அடியைச் சுரண்டி, புதிதாகப் பாய் ஒட்டுகிறார்களாம். சுகந்தியைக் கூப்பிடவில்லை. அவள் இப்போது களுவாஞ்சிக்குடியில் ஒரு கடையில் நிற்கிறாள், பாதிச் சம்பளம். பிழையைப் பிடித்தவள் வெளியே, பிழையைச் செய்வித்தவர் இரண்டாள் உயரத்தில் உள்ளே. எரியாதா வயிறு?

போகிறவர்களுக்கு: குடை கொண்டுபோங்கள், மரம் ஒன்றும் விட்டுவைக்கவில்லை. பெண்களுக்கான கழிப்பறை பின்னால் இருக்கிறது, தண்ணீர் வராது. திரும்பி வர மட்டக்களப்பிலிருந்து வாகரைக்குப் பின்னேரம் 3.15 பஸ்ஸைப் பிடியுங்கள், பிறகு நின்றுகொண்டுதான் வர வேண்டும். ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்று மடியில் இருக்கட்டும். எவர் எந்தப் படகை இலவசமாகத் தந்தாலும், மனம் நோகுமென்று பார்க்காமல் தட்டிப் பாருங்கள். கட்டினவரை ஏறச் சொல்லுங்கள்.

அந்தத் தேங்காயை நான் உடைக்கவில்லை. பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன், குசினி மூலையில் கிடக்கிறது. சேர்மன் தன் படகில் குந்துகிற அன்றைக்குப் போய் உடைப்பேன். அதற்குள் முளைத்தால், முற்றத்தில் நடுவேன்.