தரையில் இறங்காத தம்பி

ஜூமார்த் இடது தோளில் தம்பியைப் போட்டுக்கொண்டு வலது கையால் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிறார். தேநீர் குடிக்கும்போதும் தம்பி தோளில்தான். காலணிக்கு நாடா கட்டும்போது மட்டும் மடிக்கு மாறுவான். பகலில் அவன் தரைக்கு இறங்கி ஊரில் யாரும் பார்த்ததே கிடையாது. தம்பி அக்ஜோலுக்குப் பதினான்கு மாதம். அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது.

“கூடப் பொறந்தவன்னா இப்படியில்ல இருக்கணும்! எறும்பு கடிச்சிருமோன்னு எறக்கவே மாட்டேங்குறாரே” என்று இஸ்ஸிக்குல் ஏரியின் தென்கரையில் இருக்கும் எங்கள் ஊரே மெச்சுகிறது. அவர் மனைவி சொனுன் மட்டும் மெச்சுவதில்லை. அவளுக்கு விஷயம் தெரியும்.

எங்கள் பக்கம் மூத்த பிள்ளைகள் கல்யாணம் ஆனதும் சில ஆடுகளையும் ஒரு துண்டு நிலத்தையும் பங்காக வாங்கிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட வேண்டும். வீடு, தோட்டம், வயதான பெற்றோர் எல்லாம் கடைக்குட்டிக்கு. ஜூமார்த்தின் அண்ணன்கள் இருவரும் அப்படித்தான் போனார்கள். பன்னிரண்டு ஆட்டை வைத்துக்கொண்டு எத்தனை நாள் சாப்பிடுவது? பெரியவர் தெமிர் வெல்டிங் கற்றுக்கொண்டு இன்று இரண்டு பட்டறை வைத்திருக்கிறார். அடுத்தவர் தலைநகர் பிஷ்கெக்குக்கு வேன் ஓட்டி, இப்போது நான்கு வேன்களுக்கு முதலாளி. அப்போது கடைக்குட்டியாக இருந்த ஜூமார்த் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. வரப்போவது வீடு, வாதுமைத் தோட்டம், மூன்று குதிரை. அதற்கு மேல் எதற்கு மெனக்கெட வேண்டும் என்று இருந்துவிட்டார்.

கூரை ஒழுகத் தொடங்கி இருபது வருடம் ஆகிறது. “எப்படியும் எனக்குத்தானே வரப்போகுது, வந்தப்புறம் பாத்துக்கலாம்” என்பார் மகன். “எப்படியும் அவனுக்குத்தானே போகப்போகுது, அவனே பாக்கட்டும்” என்பார் அப்பா மாம்பெத். இடையில் சொனுன்தான் வாளியை வைத்துக்கொண்டு அறை அறையாக அலைந்தாள்.

மூன்று வருடம் முன்பு ஜூமார்த்தின் அம்மா காலமானார். எழுபத்தாறு வயது அப்பாவுக்கு வேளாவேளைக்குச் சோறும் தேநீரும் யார் தருவது என்று பேச்சு வந்தபோது, ஜூமார்த் தானே கிளம்பிப் போய் ஒரு பெண்ணைப் பார்த்தார். பெர்மெத், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரி, விதவை, நாற்பத்திரண்டு வயது. இனிமேலா பிள்ளை பெறப்போகிறாள் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். கல்யாண விருந்துக்குக் குதிரை அறுத்தவரும் அவர்தான். அதுவரை அவரை “அண்ணே” என்று கூப்பிட்ட பெர்மெத், மறுநாள் முதல் “தம்பி” என்றாள். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு அக்ஜோல் பிறந்தான்.

தொட்டில் விருந்தில் அண்ணன் தெமிர் வந்து ஜூமார்த்தின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். “வாடா, வாடா! ஒருவழியா நீயும் அண்ணனாயிட்ட!”

“அப்பா, அம்பது வருஷமா நான்தானே கடைக்குட்டி?” என்று ஜூமார்த் கெஞ்சினார்.

“ஆமாடா, நல்லா அனுபவிச்ச” என்றார் மாம்பெத், ஆட்டுத்தலையிலிருந்து ஒரு காதை அறுத்துக்கொண்டே. “இவன் நடக்க ஆரம்பிக்கட்டும். கால்கட்டு அறுத்த மறுநாள் உன் பங்கைத் தந்துடுறேன். உன் அண்ணனுங்களுக்கு என்ன குடுத்தேனோ அதே பன்னெண்டு ஆடு, மேட்டு நிலம். நீயும் பொழச்சுக்கோ.”

கால்கட்டு என்பது, நடக்கத் தொடங்கிய குழந்தையின் கால்களில் கறுப்பும் வெள்ளையுமாய்க் கயிறு கட்டி, ஊர்ப் பிள்ளைகளை ஓடவிட்டு, முந்தி வந்தவனை அறுக்கச் சொல்லும் விழா. குழந்தை நடந்தால்தானே கட்டு? அன்று இரவே ஜூமார்த்துக்கு வழி தெரிந்துவிட்டது. காலையில் பெர்மெத் வேலைக்குப் போனதும் தொட்டிலிலிருந்து எடுத்துத் தோளில் போடுவார். சாயங்காலம் தூங்கவைத்துத்தான் திருப்பிக் கொடுப்பார். வாழ்நாளில் அவர் இவ்வளவு உழைத்ததில்லை.

“அப்பனுக்குப் பொண்ணு பாத்த புத்திசாலி நீங்கதானே, சுமங்க” என்பாள் சொனுன். “காலேஜுக்குப் போற வரைக்கும் சுமப்பீங்களா?”

“போற வழியில எறக்கி விட்டுக்கலாம்” என்பார் இவர்.

தோளில் கிடந்தே தம்பி பல பாடங்கள் கற்றுக்கொண்டான். அண்ணனின் மீசையைப் பிடித்து இழுத்தால் இடப்பக்கமும் காதைப் பிடித்தால் வலப்பக்கமும் போகலாம் என்று கண்டுபிடித்தான். அவன் முதலில் சொன்ன வார்த்தை “ஜூமா”. அதைக் கேட்ட அன்று ஜூமார்த் தோட்டத்தை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார்.

சென்ற மாதம் ஊசி போட வந்த நர்ஸ் குழந்தையின் கால்களை அமுக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அன்று மாலை அடுப்படியில் பெர்மெத் தன் சமையல் அங்கியின் ஓரத்தில், முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுவதை ஜூமார்த் பார்த்தார்.

“பதிமூணு மாசமாகியும் நிக்கக்கூட மாட்டேங்குறான், தம்பி. வயசான காலத்துல பெத்தேன்ல, காலு வெளங்காமப் போச்சு போல. நான் பண்ணுன பாவம்.”

“சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல, சின்னம்மா” என்றார். வெட்கமாக இருந்தது. ராத்திரி ரொட்டியைத் தொடாமல் எழுந்துவிட்டார்.

மறுநாள் பெர்மெத் போனதும் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுத் தம்பியை முற்றத்தில் நிறுத்தினார். அக்ஜோல் தொப்பென்று உட்கார்ந்து ஒரு புல்லைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டான். தூக்கி நிறுத்தினார். மறுபடியும் தொப். பல நாட்கள் இதே கூத்துதான். ஜூமார்த்துக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்தன. யாராவது வந்தால் சட்டென்று தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்ப்பார்.

இன்று காலை அக்ஜோல் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்து நின்றான். பிறகு கையை விட்டான். முற்றத்தில் வேறு யாருமில்லை. ஜூமார்த் அவனுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

“வாடா, வீட்டுக்காரா. வா, வா.”

பையன் ஓர் அடி வைத்தான். ஆடினான், விழவில்லை. ஜூமார்த் உட்கார்ந்த வாக்கிலேயே ஓர் அடி பின்னால் நகர்ந்தார். இவன் இன்னோர் அடி. அவர் இன்னும் கொஞ்சம் பின்னால். பையன் கெக்கலி கொட்டிக்கொண்டு வர வர, அவர் வாசல்பக்கமாக நகர்ந்துகொண்டே போனார். முதுகு வெளிக்கதவில் இடித்தது. தம்பி மேலிருந்து கண்ணை எடுக்காமல், ஜூமார்த் கையைப் பின்னால் விட்டுத் துழாவித் தாழ்ப்பாளைத் திறந்தார்.