உருளைக்குள் நான் ஒளித்த காசு

இதை எழுதுவதற்கென்று நான்கு வருடங்களுக்கு முன்னரே ஒரு கொப்பி வாங்கினேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டேன். அதற்குக் கீழே ஒரு வரியும் ஓடவில்லை. பிறகு அதன் பின்பக்கத் தாள்களைக் கிழித்து மிளகாய்த்தூள் சுற்றிக் கொடுத்ததும் உண்டு. எழுதினால் என் மகள் என்ன நினைப்பாள், கோயிலில் என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்ற பயம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருக்கும், பொய் இருக்காது. ஒரு மனிதரின் கைவேலை பழுது என்று பலர் சொன்னார்கள். கடைசியில் அவரே அதை நம்பிவிட்டார். பழுது அவருடைய கையில் இல்லை. என்னுடைய கையில் இருந்தது.

செட்டிபாளையத்தில் வீட்டோடு ஒட்டி, மாவும் மிளகாயும் அரைக்கிற மில் ஒன்றை நடத்துகிறேன். பிள்ளையின் அப்பா கட்டாரில் வாகனம் ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள். அப்போது கம்பஸில் இயந்திரப் படிப்பு. இது நடந்த வருடம் நீண்ட விடுமுறையில் வந்தவள், கொழும்பில் நடக்கிற ரோபோச் சண்டைக்கு வீட்டிலேயே ஒன்று செய்யப் போவதாகச் சொன்னாள். தடித்த கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு இயந்திரங்களை விடுவார்களாம். வெளியில் நின்று ரிமோட்டால் ஓட்ட வேண்டுமாம். ஒன்று மற்றதை அடித்து அசையாமல் செய்தால் வெற்றி.

"இதுக்கெண்டே ஒரு சண்டையா புள்ள? நாம பட்ட சண்டை காணாதா?" என்றேன்.

"இதில ஆக்கள் சாகமாட்டாங்கம்மா. இரும்புதான் சாகும்" என்றாள்.

அவளுடைய ரோபோ கைப்பெட்டி அளவுதான், ஒன்றரைக் கிலோ இருக்கும். இரண்டு சக்கரம், ஒரு பற்றரி. முன்னால் குறுக்கே ஒரு இரும்பு உருளை. அந்த உருளையில் எதிரெதிராக, போல்ட் போட்டு இறுக்கிய இரண்டு பல். மோட்டர் ஒரு பெல்ட்டால் உருளையைச் சுழற்றும். சுழலும்போது பல் கண்ணுக்குத் தெரியாது. எதிரி இயந்திரத்தின் கீழே புகுந்து அதைத் தூக்கி எறியும் என்றாள்.

மோட்டரும் பற்றரியும் பார்சலில் வந்தன. உருளையைக் கடைந்து தந்தவர் காத்தான்குடியில் இரும்பு கடைகிற லேத் பட்டறை வைத்திருந்த ஒரு காக்கா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். என் மில்லின் தண்டுகளை வருடக்கணக்காகச் செய்து தந்தவர் அவர்தான். அவர் செய்து தந்த சாமான் எதுவும் பழுதென்று திரும்ப அவரிடம் போனதில்லை. மகள் வரைந்த படத்தை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இதென்ன மகள், சீதனத்துக்கா? மாப்பிள்ள பாத்தா ஓடிருவானே."

"ஓடுறவனத் துரத்தத்தான் காக்கா இது."

"அப்ப சக்கரத்தையும் கொஞ்சம் பெருசாப் போடுங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

உருளையின் உள்ளே வெறுமையாக இருந்தது. பாரம் குறைவதற்காக இரண்டு பக்க முகங்களிலும் பெருவிரல் தாராளமாக நுழையும் அளவில் துளைகள் போட்டிருந்தார். அதைச் செய்வதை விட, அதன் பாரத்தைச் சரிசெய்யத்தான் அவருக்குக் கூடுதல் நாள் போனது. இரண்டு கத்தி விளிம்புகளைச் சமமாக வைத்து, தண்டோடு உருளையை அவற்றின் மேல் கிடத்துவார். பாரமான பக்கம் தானாகக் கீழே உருளும். அந்தப் பக்கத்தில் அரத்தால் ஒரு தடவை தேய்ப்பார். மறுபடி கிடத்துவார். கடைசி நாளில் மகள் ஒரு அரிசியை மெழுகால் ஒட்டிப் பார்த்தாள். அந்த ஒரு அரிசிக்கே உருளை மெதுவாகத் திரும்பியது. அரிசியை எடுத்தால் எங்கே விட்டாலும் அப்படியே நின்றது.

நான் பக்கத்தில் நின்று இதைப் பார்த்தேன். ஒரு அரிசியின் பாரம் என்ன செய்யும் என்பதை என் கண்ணால் பார்த்தேன். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

வீட்டில் வைத்து முதன்முதலாகச் சுழற்றும் நாளுக்கு நான் நல்ல நேரம் பார்த்தேன். எங்கள் வீட்டில் புது அம்மிக்குக்கூடப் பொட்டு வைக்காமல் வேலை தொடங்குவதில்லை. சந்தனமும் குங்குமமும் குழைத்துக்கொண்டு போனேன்.

மகள் இரண்டு கைகளாலும் ரோபோவை மறைத்தாள். "அம்மா, அதில ஒண்டும் பூச வேணாம். ஒரு பொட்டும் பாரம்தான்."

"சாமிக்குப் பூசுறது பாரமா புள்ள?"

"சாமிக்கு இல்லம்மா, பேரிங்குக்குப் பாரம்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அது நெஞ்சில் குத்தியது. ஒரே பிள்ளை. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இரும்பைச் சுழற்றப் போகிறாள். ஒரு பொட்டும் கூடாதாம். அவள் குளிக்கப் போன நேரம், களுதாவளைப் பிள்ளையாரை நினைத்து, அவள் கை கால் பழுதில்லாமல் போய் வர வேண்டும் என்று நேர்ந்து, பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயக் குற்றி ஒன்றை மஞ்சள் துணியில் முடிந்தேன். சாமித் தட்டில் வைத்திருந்தால் போதும். எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். நான் அதை உருளையின் பக்கத் துளைக்குள் வைத்து, ஈர்க்கால் தள்ளினேன். தண்டுக்கும் சுவருக்கும் இடையில் முடிச்சு இறுகியது. குலுக்கிப் பார்த்தேன், சத்தமில்லை. மனம் ஆறுதலானது.

வளவில் கிணறு கட்டி மிஞ்சிய சீமெந்து வளையக் கொட்டுகள் இரண்டு கிடந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் இடுப்பளவு உயர வட்டச் சுவர். அதுதான் அவளுடைய சண்டைக் களம். நடுவில் ரோபோவை வைத்து, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தள்ளி ஒரு பழைய கதவுப் பலகையை நிறுத்தி அதன் பின்னால், வீடியோ எடுக்கப் போனையும் மாட்டிய ரிமோட்டோடு நின்றாள். நான் மில் வாசலில் நின்றேன். மத்தியான வெயில். கனகாம்பரத்துக்குத் தண்ணீர் ஊற்றி ஈரம் காயவில்லை.

முதலில் மெதுவாகச் சுழற்றினாள். நல்ல சத்தம், வண்டு ரீங்கரிப்பது போல. கொஞ்சம் கூட்டினாள். அப்போது சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் வந்தது.

இருபது வருடமாக மில் ஓட்டுகிறவள் நான். கல் ஒரு நூல் விலகினாலும் அடுப்படியில் நின்றபடி சொல்லுவேன். உருளைக்குள் ஏதோ ஒரு பக்கம் இழுக்கிறது என்பது எனக்கு அந்தக் கணமே தெரிந்தது. எது இழுக்கிறது என்பதும் தெரிந்தது.

"அம்மா, உதறுது என்ன?" என்று அவளே கத்தினாள். "பேரிங் புதுசு, அதான் போல. இன்னும் கொஞ்சம் கூட்டிப் பாப்பம்."

நிப்பாட்டு என்று ஒரு சொல் போதும். வாயைத் திறந்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பாள். காசு என்று சொல்ல வேண்டும். அவள் சிரிப்பாள், இல்லாவிட்டால் கோபிப்பாள். அதைவிட, பிள்ளையாரின் காசு உள்ளே இருக்கும்போது என்ன வரப் போகிறது என்று நினைத்தேன். ஆம், அப்படித்தான் நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

சத்தம் தடதடவென்று உடைந்தது. கொட்டு அதிர்ந்து மண் உதிர்ந்தது. ரோபோ உள்ளே துள்ளுவது எனக்கு நின்ற இடத்திலேயே கேட்டது. என்ன என்று பார்க்க மகள் பலகைக்கு வெளியே ஒரு அடி வைத்தாள். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ரிமோட் கீழே விழுந்தது. அவள் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அழாமல், "அம்மா" என்று மட்டும் சொன்னாள். விரல்களுக்கிடையால் இரத்தம் வழிந்தது.

உதறலில் பல்லின் போல்ட் கழன்று, ரோபோ சரிந்த நேரத்தில் பல் மேலால் பறந்து, அவளுடைய கையை வெட்டிக்கொண்டு போயிருக்கிறது.

துணியால் இறுக்கிக் கட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டோவைக் கொண்டு வந்தார். பிள்ளையை ஏற்றினேன். இதற்குப் பிறகு செய்ததைத்தான் நான்கு வருடமாக எழுத முடியவில்லை. "அடையாள அட்டை எடுத்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுக் கொட்டுக்கு ஓடினேன். பெல்ட் அறுந்து உருளை நின்றிருந்தது. தலையில் இருந்த கொண்டை ஊசியால் மஞ்சள் துணியைக் கிளறி இழுத்தேன். வரவில்லை. ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். மறுபடி இழுத்தேன். வந்தது. சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடினேன். இரத்தம் ஓடுகிற பிள்ளையைக் காக்க வைத்துவிட்டு நான் செய்த வேலை அது.

நரம்பு தைத்தார்கள். கொழும்புப் போட்டிக்கு அவள் போகவில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் இன்றைக்கும் முழுதாக மடங்காது.

கை கட்டோடு இருந்தபடியே அவள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். போல்ட்டுக்குக் கடைந்த துளை சரியில்லை. தன் நண்பர்களுக்கு அதை எழுதியும் போட்டாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். காக்காவிடம் வேலை கொடுத்த கம்பஸ் பிள்ளைகள் போவதை நிறுத்தினார்கள். மில்லுக்கு வருகிறவர்களும் "அந்த லேத்தில குடுத்ததுதானே?" என்று கேட்டார்கள். நான் மாவைச் சலித்துக்கொண்டு, ஓம் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் நின்றேன்.

ஒரு பின்னேரம் காக்கா வந்தார். கையில் ஒரு பை தோடம்பழம். வாசலிலேயே நின்றார். கதிரை எடுத்துப் போட்ட பிறகுதான் இருந்தார்.

"தங்கச்சி, பிழை என்னிலதான். துளைய நான் ரெண்டு தரம் அளந்த. ஆனா கண் மங்கிட்டுப் போல. வயசு போயிட்டு. அந்தப் புள்ளட கைய நெனச்சா எனக்குச் சோறு இறங்குதில்ல. இனி நான் லேத்தில நிக்கிறல்ல. மருமகன்ட கடையில இரிப்பன்."

தேத்தண்ணீர் கொடுத்தேன். கோப்பையை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தேன். "அழாதீங்க தங்கச்சி, புள்ள உசிரோட இரிக்காள்ளுவா" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அந்த நேரம் காசு என் சாமித் தட்டுக்கு அடியில் இருந்தது. அவர் இருந்த கதிரைக்கும் அதற்கும் இடையில் ஒரு சுவர்தான். எழுந்து போய் அதை எடுக்கவில்லை. அவர் படலையைச் சாத்திவிட்டுப் போனார்.

இரண்டு வருடம் அப்படியே போனது. கோயிலுக்குப் போவேன். கற்பூரம் காட்டும்போது கண்ணை மூடிக்கொள்வேன்.

அதன் பிறகு ஒருநாள், மகள் இரண்டாவது ரோபோவுக்குப் படம் வரையும்போது, பழைய வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெட்போன் போடாமல் திரும்பத் திரும்ப அந்தச் சத்தத்தை ஓட்டினாள். நான் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இஞ்ச கேளுங்க. போல்ட் கழர முதலே உதறுது."

நான் வெட்டிக்கொண்டே இருந்தேன்.

"துளை பிழையெண்டா கழண்டதுக்குப் பொறகுதானே உதற வேணும்? காக்காட லேத்தில உருளை அசையாம நிண்டத நானே பாத்தன். அப்ப உள்ள என்னவோ போயிருக்கு. என்னவா இருக்கும்மா?"

அவள் என்னைச் சந்தேகித்துக் கேட்கவில்லை. மில் சத்தம் தெரிந்தவள் என்று கேட்டாள். நான் கத்தியைக் கீழே வைத்தேன். "நாளைக்குச் சொல்றன் புள்ள. அதுக்கு முதல் இன்னொரு ஆளுக்குச் சொல்ல வேண்டிக் கிடக்கு."

காசையும் பழைய உருளையையும் எடுத்துக்கொண்டு காத்தான்குடிக்கு பஸ் ஏறினேன். மருமகனின் கடையில் காக்கா பொருட்களுக்கு விலை ஒட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கொண்டை ஊசியையும் சொன்னேன். அவர் உருளையை வாங்கிக்கொண்டு கடையின் பின்பக்கத்தில் இருந்த தன் பட்டறைக்கு நடந்தார். லேத் பிளாஸ்டிக் உறையால் மூடியிருந்தது. ஒரு பல் இல்லாததால், பாரம் சமமாக மற்றப் பல்லையும் கழற்றினார். கத்தி விளிம்புகளைத் துடைத்து, உருளையைக் கிடத்தினார். அசையவில்லை. வேறு பக்கம் திருப்பி விட்டார். அசையவில்லை. பிறகு மஞ்சள் முடிச்சை உள்ளே தள்ளி வைத்தார். உருளை சட்டென்று சுழன்று, காசுப் பக்கத்தைக் கீழே போட்டு ஆடியது.

அவர் அதைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"ரெண்டு வருசமா ஊசியில நூல் கோத்துக் கோத்துப் பாத்தன் தங்கச்சி" என்றார். "ஒவ்வொரு நாளும் விடிய, சுபஹுத் தொழுகைக்குப் பொறகு. நூல் போகும். ஆனாலும் நான் என்ட கண்ண நம்பல்ல."

காலில் விழப் போனேன். கையால் தடுத்தார். "அதெல்லாம் பொறகு. நான் இண்டைக்கு ஒண்டும் சொல்லமாட்டன், சொன்னா பிழையாச் சொல்லிருவன். இந்தக் காசு ஒங்கட சாமிர காசு, அங்க குடுங்க. புள்ளைக்கிட்ட சொல்லுங்க." அன்றைக்கு அவர் எனக்குத் தேத்தண்ணீர் தரவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

காசைக் களுதாவளையில் உண்டியலில் போட்டேன், எதுவும் கேட்காமல். மகளிடம் சொன்னேன். அவள் தன் இரண்டு விரல்களையும் பார்த்தாள். "காக்காவைப் பத்தி நான் எழுதினதை எல்லாருக்கும் திருத்த வேணும்" என்றாள். அன்றிரவே எழுதினாள். என்னோடு பேச ஒரு மாதம் போனது. காக்கா திரும்ப லேத்தில் நின்றார். இரண்டாவது உருளையும் அவர் கடைந்ததுதான். அதைச் சுழற்ற முதல் மகள் டோர்ச் அடித்துத் துளைக்குள் எனக்குக் காட்டினாள். "பாருங்கம்மா, ஒண்டும் இல்லல்லுவா?" சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், கதை வேறு மாதிரி நடக்கிறது. போன திருவிழாவில் ஒருவர் என்னிடமே சொன்னார்: "கழுத்துக்கு வந்த இரும்பாம் அக்கா, உள்ள கிடந்த நேத்திக்காசுதான் கைக்குத் திருப்பி விட்டதாம்." எனக்கு உடல் கூசியது. பிள்ளையாரில் எனக்கு நேற்றைக்கும் நம்பிக்கை, இன்றைக்கும் நம்பிக்கை. ஆனால் அந்த இரும்பை அவர் திருப்பவுமில்லை, எறியவுமில்லை. நான் வாய் திறந்திருந்தால் அது பறந்தே இருக்காது.

இதை வாசிக்கிறவர்கள் வேறு யாருக்கும் சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். அற்புதம் எதையும் சேர்க்க வேண்டாம். என் மேல் இரக்கப்பட்டுக் கொண்டை ஊசியை விட்டுவிடவும் வேண்டாம். வேறு எது மறந்து போனாலும், அந்த உருளை காசில்லாமல் கத்தி விளிம்பில் அசையாமல் நின்றதை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.