பிள்ளை வைத்திருந்த மாதா

மேரின் நெடுந்தீவில் பிறந்து, ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள். காய்ச்சலில் படுத்தாலும் செபமாலையை விடமாட்டாள். அவளுடைய ஒரே மகள் ஷரோன் கலியாணம் கட்டி, நோர்வேயின் மேற்குக் கரையில் ஸ்தவாங்கர் நகரில் இருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு இரண்டு தரம் வயிற்றில் தங்கி, இரண்டு தரமும் கலைந்துபோயிற்று. மேரினுக்கு வேறு கவலை கிடையாது. இது ஒன்றே போதுமென்று கடவுள் நினைத்திருக்க வேண்டும்.

வீட்டு மாதாவை அவள் வாங்கியது, ஷரோன் படித்த பள்ளிக்கூடத்தில் பழஞ்சாமான் விற்ற ஒரு நாளில். வெள்ளைப் பீங்கான், தலையில் முக்காடு, ஒரு கையில் குழந்தை, மற்றக் கையில் மணிமாலை. வேறென்ன அத்தாட்சி வேண்டும்? கண்தான் கொஞ்சம் இடுங்கியிருந்தது.

"வேளாங்கண்ணியிலை மாதா சீலை உடுத்தவதானே. ஊருக்கொரு முகம்" என்றாள் மேரின்.

காலடியில் தாமரைப்பூ இருந்தது. சனம் வீண்கதை கதைக்குமென்று புருசன் பேனாட் அதைப் பின்னல் துணியால் சுற்றி மறைத்துவிட்டான். ஒக்டோபர் மாதச் செபத்துக்கு வருகிற சனம் எல்லாம் அந்தத் துணிக்கு மேலாகவே பாதத்தைக் கொஞ்சிவிட்டுப் போகும்.

ஷரோனுக்கு மூன்றாம் தரம் தங்கியது. மாதாவுக்கு முன்னால் முழந்தாளில் நின்றே மேரினுக்கு முழங்கால் வீங்கிப்போயிற்று. மூட்டுவலியில் வேலைக்குப் போகாத ஒருநாள், கூட வேலை செய்யும் ஹொங்கொங்காரி மேய் கஞ்சியோடு பார்க்க வந்தாள். மேசையில் சாப்பாட்டை வைத்தவள், சிலையைக் கண்டதும் கைகூப்பிக் குனிந்தாள்.

"குவான்யின்! உங்கள் வீட்டிலுமா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள். மேரின் விழிக்க, மேய் ஆசையாகக் கதை சொன்னாள். "சொர்க்கத்தின் வாசல்வரை போனவர் இவர். உள்ளே கால்வைக்கும்போது பூமியில் அழுகைச் சத்தம் கேட்டது. அப்படியே திரும்பிவிட்டார். பிள்ளை வேண்டுமென்றால் இவரிடம்தான் கேட்போம். என் அம்மா என்னையும் இவரிடம் கேட்டுத்தான் பெற்றாள்."

மேரின் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. பேனாட்டிடம் சொல்லிவிட்டாள். மனுசன் துள்ளிக் குதித்தான்.

"இவ்வளவு வரியமும் சீனத்தியின்ரை காலையோ கொஞ்சினனாங்கள்? சனம் அறிஞ்சால் காறித் துப்பும்!"

பழைய துவாயில் சுற்றி நிலவறையில் கொண்டுபோய் வைத்தான். அடுத்த கிழமையே புது மாதா வந்தா. இடுப்பில் நீலக் கச்சை, கூப்பிய கை. கையில் குழந்தை இல்லை. மேரின் அதற்கு முன்னாலும் முழந்தாளில் நின்றாள்.

ஐந்தாம் மாதத்தில் மருமகன் தொலைபேசி எடுத்தான். பிள்ளை இல்லை.

மேரின் அழுதாள். அதைவிட அதிகமாகப் பயந்தாள். இவ்வளவு காலம் வேறொருத்தியைக் கும்பிட்டதற்கு மாதா கோபித்தாவோ? பிள்ளையோடு நின்றவளை இருட்டுக்குள் போட்டதற்கு மற்றவள் கோபித்தாளோ? யாரிடம் மன்னிப்புக் கேட்பது? சுவாமியாரிடம் கேட்க வாய் வரவில்லை.

ஷரோன் ஒஸ்லோவுக்கு வந்தாள். சப்பாத்தைக் கழற்றியதும் நேரே சிலை மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"பிள்ளை வைச்சிருந்த மாதா எங்கையம்மா?"

"அது மாதா இல்லையாம், பிள்ளை. சீனச்சாமியாம்." என்றாள் மேரின். "எனக்குத் தெரியாமல் போச்சு."

"எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலை படிக்கேக்கையே தெரியும். நீங்கள் அவவோடை கதைக்கிறதைப் பாக்க நல்லாயிருந்தது. அதாலைதான் சொல்லேல்லை." ஷரோன் தரையில் இருந்துகொண்டாள். "செபம் சொல்லுங்கோ அம்மா. ஆரெண்டாலும் கேக்கட்டும்."

மேரினும் பக்கத்தில் இருந்துகொண்டு செபமாலை மணியைப் பிடித்தாள். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கியது சரியாகத்தான் வந்தது. "உம்முடைய திருவயிற்றின்" என்ற இடத்தில் தடைப்பட்டது. பேசப் பழகிய நாளிலிருந்து சொல்லிவந்த செபம். அடுத்த சொல் வாசலுக்கு வந்து நின்றது, வெளியே வரவில்லை.

"கனியாகிய" என்று ஷரோனே எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக் கத்தி அழுதாள்.