அப்பாவுக்கு பாசிட்டிவ்

'பாசிட்டிவ்' என்ற சொல்லை எனக்கு முதலில் சொன்னவள் சித்தி. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து, ஒரு நாள் ஆஸ்பத்திரிச் சீட்டோடு ஓடிவந்து, "பாசிட்டிவ்வாம்க்கா!" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்று சாயங்காலம் எங்கள் வரிசையில் இருந்த வீடுகளுக்கெல்லாம் மைசூர்பாகு கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். பள்ளிக்கூடத்து மிஸ்ஸும் எதற்கெடுத்தாலும் பாசிட்டிவாக யோசிக்கச் சொல்வார். ஆகவே நான்காம் வகுப்பிலேயே அந்தச் சொல் எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டிருந்தது.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடியபின் கோரமண்டல் ஸ்டேஷனில் தினமும் ரயிலேறி பெங்களூர் போய் வேலை பார்த்துவந்தவர் அப்பா. ஒரு மாதமாக விடாத இருமல். அம்மா அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வந்தாள். வந்ததும் அடுப்படிக்குள் நின்று போனில் சித்தியிடம் கிசுகிசுத்தாள்: "பாசிட்டிவ்னு வந்துகீது. யார்கிட்டயும் சொல்லாத."

கதவுக்குப் பின்னாலிருந்த எனக்குச் சுருக்கென்றது. நல்ல சேதியை ஏன் ஒளிக்க வேண்டும்? அரிசி டின், பீரோவின் மேல்தட்டு எல்லாம் தேடினேன். இனிப்பு இல்லை. ஆனால் அன்றிலிருந்து அப்பாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். முன்னறையில் தனிப் படுக்கை. நான் எட்டிப் பார்த்தால், "அங்கயே நில்லும்மா" என்று துண்டால் வாயை மூடிக்கொள்வார். வாயில் எதையோ மென்றுகொண்டிருக்கிறார் என்றே நினைத்தேன்.

"பாசிட்டிவ்னா நல்லதுதானம்மா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

அம்மாவின் முகம் மாறியது. "யாருடி சொன்னது? வெளிய வாயத் தொறந்த, பாரு!"

எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்தது. எனக்குத் தராமல் எதையோ ஒளிக்கிறார்கள். மூன்றாம் நாள் நேராகப் பக்கத்து வீட்டு அத்தையிடம் போனேன்.

"எங்கப்பாக்கு டெஸ்ட்ல பாசிட்டிவ். ஸ்வீட்டு அப்பறம் வரும்."

அரிசி புடைத்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது. "இன்னா டெஸ்டு கண்ணு?"

"சளி டெஸ்டு."

வாசலில் விளையாடிக்கொண்டிருந்த தன் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சர்க்கரை கொண்டுவரப் போகிறாள் என்று வெகுநேரம் நின்றேன். கதவு திறக்கவில்லை. மற்ற வீடுகளுக்கும் போய்ச் சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன்.

அப்பாவுக்கு வந்திருந்தது காசநோய். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுத் தேறி, பழையபடி ரயிலேறினார். அதெல்லாம் பிற்பாடு. சேதி சொன்ன மறுநாள் காலை அம்மாவோடு தெருக்குழாய்க்குப் போனேன். எப்போதும் அரைமணி நேரம் சண்டை போட்டால்தான் அங்கே ஒரு குடம் தண்ணீர் கிடைக்கும். அன்றைக்கு எங்களைக் கண்டதும் எல்லாரும் தங்கள் குடங்களை எடுத்துக்கொண்டு விலகினார்கள். "நீ மொதல்ல புடிச்சிகினு போ" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை, தூரத்தில் நின்றபடியே.

இத்தனை மரியாதையும் நான் சொன்ன சேதியால் வந்தது என்று பூரித்து அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் அவள் தலைகுனிந்து நின்றிருந்தாள்.