பென்சிலில் எடுத்த வெள்ளி

என் தம்பி ஓட்டாகர் கொட்ர்பா வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். ஆறு மாதம்கூடத் தாங்கமாட்டான் என்று எல்லோரும் சொன்ன துணி ஆலைக் கொதிகலன் வேலையில் இருபத்தெட்டு ஆண்டு இருந்தான். அவன் முறையில் ஒரு நாளும் ஆலை குளிர்ந்ததில்லை. செக்கோஸ்லோவாக்கியா வெளியிட்ட வெள்ளி நினைவு நாணயங்களை, 1954 முதல் அந்த நாடே இல்லாமல் போன ஆண்டு வரை, ஒன்று விடாமல் சேர்த்தான். எங்கள் ஊர் நாணயச் சங்கத்தில் ஒரு மருத்துவரும் ஒரு தலைமை ஆசிரியரும் இருந்தார்கள். வரிசையை முடித்தவன் இவன் ஒருவன்தான். 1986இல் மாவட்டக் கண்காட்சியில் இரண்டாம் பரிசு வாங்கினான். முதல் பரிசு வாங்கியவரிடம் கார் இருந்தது, இவனிடம் சைக்கிள். இத்தனையும் எழுதப் படிக்கத் தெரியாமல் செய்தான்.

எழுத்து அவன் கண்ணில் நிற்கவில்லை. மந்தபுத்தி என்று தாளில் எழுதி, எட்டு வயதில் விடுதியோடு இருந்த தனிப்பள்ளிக்கு அனுப்பினார்கள். அது 1958 ஜனவரி. எனக்குப் பதின்மூன்று வயது. கிறிஸ்துமஸுக்கு என் ஞானத்தாய் எனக்கு ஒரு பத்துக் கொருனா வெள்ளிக் காசு கொடுத்திருந்தாள். எங்கள் நாட்டின் பழைய பேராசான் கொமேன்ஸ்கியின் தலை பொறித்த புது நாணயம். கோட்டுப் பையில் வீட்டுச் சாவியோடு போட்டு வைத்ததால் கன்னத்திலிருந்து தாடி வரை ஒரு கீறல் விழுந்திருந்தது. பேருந்து கிளம்பும்போது அதை அவன் கையில் வைத்தேன்.

"செலவு பண்ணிடாதடா. லீவுக்கு வர்றப்ப எங்கிட்ட காட்டணும்."

விடுதியில் பிள்ளைகளிடம் காசு இருக்கக் கூடாது. வாங்கி ஒரு தகர டப்பாவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அது தெரிந்ததும் இவன் நாணயத்தின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தான். தாடியும் கீறலும் எழுத்துகளும் அப்படியே காகிதத்தில் ஏறின. நாணயம் டப்பாவுக்குள் போனது. காகிதம் இவன் சட்டைக்குள் போனது. கோடை விடுமுறைக்கு வந்தபோது இரண்டையும் காட்டினான்.

அதற்குப் பிறகு அவனிடம் வந்த ஒவ்வொரு நாணயத்துக்கும் அதுதான் வழக்கம். மற்றவர்கள் உறையின் மேல் ஆண்டு, வெள்ளியின் தரம், எத்தனை அச்சிட்டார்கள் என்று மையால் எழுதுவார்கள். இவன் உறையில் பென்சில் படம் மட்டும் இருக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு காலை, மதுக்கடையின் பின்னறையில் சங்கம் கூடும். இவன் பெட்டியைத் திறந்தாலே கேலி தொடங்கும்.

"என்ன ஓட்டா, இந்த வாட்டி கலர் அடிக்கலியா?"

"கலர் பென்சில் நீதான் வாங்கித் தரணும். வெள்ளியிலயே என் காசு பூரா போயிடுச்சு."

சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். மதியம் எல்லோரும் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போவார்கள். இவன் கொதிகலன் கூடத்தின் மேல் இருந்த தன் ஒற்றை அறைக்குப் போய், ரொட்டியும் பன்றிக் கொழுப்பும் சாப்பிட்டுவிட்டு, உறைகளை வரிசையாகப் பரப்பிப் பார்த்துக்கொண்டிருப்பான். கல்யாணம் ஆகவில்லை. நான் பிர்னோ நகரில் வாழ்க்கைப்பட்டவள்; மாதம் ஒரு முறை பேருந்தில் போவேன். அவனுக்கு வந்த தாள்களில் எல்லாம் நான்தான் கையெழுத்துப் போடுவேன். ஆலைக்கும் நான், வீட்டு வாடகைக்கும் நான், சங்கத்தின் உறுப்பினர் அட்டைக்கும் நான். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

1995 பிப்ரவரியில் அவனுக்குக் குடலிறக்க அறுவை நடந்தது. உறுப்பினர் படுத்துவிட்டால் அவர் பெட்டி சங்கச் செயலாளரிடம் இருக்கும்; அது சங்கத்து முறை. செயலாளர் ஹாவ்ரானெக் செயற்கைப் பல் செய்கிறவர், கை சுத்தமானவர். தம்பி மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

"கண்ண மூடு ஓட்டா. ம், இப்பத் தொற. பாத்தியா நம்ம கொமேன்ஸ்கிய? ஒரு கீறல் கிடையாது. அச்சுலேர்ந்து விழுந்த மாதிரியே இருக்கு. எங்கிட்ட ரெண்டு இருந்துது. ஒண்ணு ஒனக்கு."

"என்னோடது எங்க?"

"அந்தக் கீறல் விழுந்ததா? ஆசிரியர் தினக் கண்காட்சிக்கு மியூசியத்துல ஒண்ணு கேட்டாங்க, குடுத்துட்டேன். அதப் போய் யாரு சீண்டுவா?"

ஹாவ்ரானெக்கைக் குறை சொல்லமாட்டேன். நாணயம் சேர்க்கிறவர்களுக்குக் கீறல் என்றால் நோய். நோயை எடுத்துவிட்டு ஆரோக்கியத்தை வைத்ததாகத்தான் அவருக்கு நினைப்பு.

மறுநாள் தம்பி தனியாக அருங்காட்சியகத்துக்குப் போனான். நாணயம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பதிவேட்டில் நன்கொடை என்று ஏறிவிட்டது. மார்ச் 31ஆம் தேதி கண்காட்சி வண்டி ஏறும். அதன்பின் ஓராண்டு ஊர் ஊராகச் சுற்றும். முடிவில் தலைநகரக் கிடங்கு. பொறுப்பாளர் வலென்டோவா அம்மாள் ஒரு படிவத்தை நீட்டினாள். உரியவர் கோரிக்கை எழுதிக் கையெழுத்திட்டால் பதிவை அடித்துவிட்டு நாணயத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னாள். தம்பி மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு வந்தான். அவனுக்கு மூக்குக்கண்ணாடியே கிடையாது. அடுத்த வாரம் மறுபடி போனான். மறுபடியும் மறந்துவிட்டதாகச் சொன்னான். வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை.

29ஆம் தேதி அஞ்சலகத்திலிருந்து எனக்குத் தொலைபேசி செய்தான். அவனாகக் கூப்பிட்டது வாழ்நாளில் அது இரண்டாம் முறை. முதல் முறை அம்மா இறந்தபோது.

"அக்கா, நீ குடுத்தது போயிடும் போல இருக்கு."

மறுநாள் காலை இருவரும் போனோம். நான் பேனாவைத் திறந்து படிவத்தை என் பக்கம் இழுத்தேன்.

"நீங்க யாரு?" என்றாள் வலென்டோவா.

"அக்கா."

"அக்கா போட்டா செல்லாதும்மா. அது அவரோட நாணயம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தம்பி சட்டைப்பையிலிருந்து பழைய உறையை எடுத்தான். முப்பத்தேழு ஆண்டுக் காகிதம், மடிப்பில் கிழிந்திருந்தது. வலென்டோவா பெட்டியைத் திறந்து நாணயத்தைப் பக்கத்தில் வைத்தாள். கன்னத்திலிருந்து தாடி வரை, கீறலுக்குக் கீறல் பொருந்தியது. அவள் அதையே வெகுநேரம் பார்த்தாள்.

"சந்தேகமே இல்ல, உங்களோடதுதான். கோரிக்கைய நானே எழுதிடறேன். கையெழுத்து மட்டும் நீங்க போடுங்க."

அவன் காது சிவந்துவிட்டது. இந்த முறை மூக்குக்கண்ணாடியைச் சொல்லவில்லை.

"எனக்கு எழுதத் தெரியாது," என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். "என் பேரு இதுல இருக்குதாக்கா?"

பென்சில் படத்தைச் சுற்றி நாட்டின் பெயர் வளைந்து ஓடியது. அதில் இருந்த ஒவ்வொரு வடிவமும் அவன் விரலுக்குப் பழக்கம். அந்த எழுத்துகளின் பெயர் மட்டும் தெரியாது. அவன் பெயரின் ரோமன் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடி நகத்தை வைத்துக் காட்டினேன். ஒன்றைத் தவிர எல்லாம் இருந்தன. அந்த ஒன்று, 1960இல் நாட்டின் பெயரோடு இன்னொரு சொல் சேர்ந்த பிறகு வந்த நாணயங்களில்தான் உண்டு. அதற்கும் அவன் பையில் ஓர் உறை இருந்தது.

"இவ்வளவுதானா?" என்றான். "இதெல்லாம் எனக்குத் தெரியுமேக்கா. நீ ஏன் சொல்லவேயில்ல?"

பேனாவை அவனிடம் கொடுத்தேன். மொத்தம் பன்னிரண்டு எழுத்து. நாணயத்தில் இருப்பதுபோலவே எல்லாம் பெரிய எழுத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல், ஒவ்வொன்றும் நேராக நின்றது. வலென்டோவா அவசரப்படுத்தவில்லை. முடித்ததும் கீழே தேதியை நான் எழுதினேன்: 1995 மார்ச் 30, வியாழக்கிழமை.