வார்ல்ஸ்டனுக்குப் படை அனுப்பியவர்

ஹோரஸ் பிளென்கின் பெயரை எடுத்தாலே இங்கிலாந்துக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் வார்ல்ஸ்டனில் பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். போன வருஷம் பள்ளியை முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கடற்கரையில் சுற்றிக்கொண்டிருக்கும் எனக்கு இந்த ஊரில் மதிக்கத் தோன்றும் ஆள் அவர் ஒருவர்தான். நடந்ததை ஒருவராவது சரியாக எழுதிவைக்க வேண்டும்.

அவர் மீனவர் மகன். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு ரயில் போய் அடுத்தது வருவதற்குள் கொலைக் கதைகளும் உளவுக் கதைகளும் எழுதுவார். லண்டன் வாரப் பத்திரிகை ஒன்று தொடர்கதை கேட்டதும் வேலையை விட்டார். அது 1909ஆம் வருஷம். ஜெர்மன் படை வந்து இறங்கப்போகிறது என்று நாடு முழுவதும் பேச்சு. அவர் கதையிலும் படை இறங்கியது, லண்டனை நோக்கி நடந்தது.

அந்தப் படை எந்த ஊர் வழியாக நடக்க வேண்டும் என்பதைப் பத்திரிகை ஆசிரியர்தான் தீர்மானித்தார். எங்கே பத்திரிகை நன்றாக விற்கிறதோ, அந்த ஊர் எரியும். எங்கள் ஊரில் ஒரு பிரதி வாங்கினால் தெருவே படித்துவிடும். அதனால் படை எங்களைச் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து ஊரான கிரேன்வித்தைக் கொளுத்தியது. அவ்வளவுதான், கிரேன்வித்துக்கு அதிர்ஷ்டம் அடித்தது. கதையில் குண்டு விழுந்த இடத்தைப் பார்க்கக் கோடை விடுமுறைக்காரர்கள் ரயில் ரயிலாக வந்து இறங்கினார்கள். எங்கள் விடுதிகளில் ஈ ஓட்டினார்கள்.

விடுதிக்காரர் டாப்சன் கடைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு பிளென்கின் வீட்டுக்கு வந்தார்.

“ஏம்ப்பா ஹோரஸ், பொறந்த ஊரு உன் கண்ணுக்குத் தெரியலையா? அவனுங்களுக்கு ஒரு படையே அனுப்புற. நமக்கு ஒரு குண்டுகூடக் கிடையாதா?”

“போட்டா உன் விடுதிமேலதான் போடணும். பரவாயில்லையா?”

“தாராளமாப் போடு! கூரை பறக்கணும். அப்பதான் நாலு பேரு பாக்க வருவான்.”

வீட்டுக்கு ஒரு பிரதி வாங்குவதாக எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். லண்டனில் ஆசிரியருக்கும் சம்மதம். ஆனால் அந்தத் தொடர்கதையில் ஒரு விதி உண்டு: எதிரி நுழையும் ஒவ்வொரு ஊரிலும் ஓர் உளவாளி இருக்க வேண்டும், மாடி ஜன்னலில் நின்று எதிரிக் கப்பலுக்கு விளக்குக் காட்ட வேண்டும்.

“அதுக்கென்ன கவலை? நம்ம கோல்ப் இருக்கானே!” என்றார் டாப்சன்.

ஓட்டோ கோல்ப் எங்கள் ஊரில் பன்றிக்கறிக்கடை வைத்திருக்கும் ஜெர்மன்காரர். அவரும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

“எழுதுங்க மிஸ்டர் பிளென்கின்,” என்று சிரித்தார். “உளவாளி செஞ்ச சாசேஜுன்னு சொன்னா ரெண்டு பங்கு விக்கும். கதைதானே?”

“கிரேன்வித்துல கடிகாரக்காரனை உளவாளியா எழுதினேன். அதுவும் கதைதான்,” என்றார் பிளென்கின். “அந்த ஊர்ல நிஜமாவே ஒரு கடிகாரக்காரர் இருந்தார், வெளிநாட்டுப் பேரு. அவர் கடை மேல விழுந்த கல்லு கதையில்ல, ஓட்டோ. பிள்ளைங்களோட அவர் ஊரை விட்டு ரயிலேறினதை நானே பாத்தேன்.”

கோல்ப்பின் சிரிப்பு நின்றது. மற்றவர்கள் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

அவர்கள் போன பிறகு பிளென்கினின் மனைவி ஈடித் சொன்னாள்: “முடியாதுன்னு சொல்லிடேன், ஹோரஸ்.”

“நான் எழுதலைன்னா ஆசிரியர் வேற ஒருத்தனை எழுத வைப்பார். அவன் யோசிக்காம கறிக்கடைக்காரன்னு எழுதிடுவான். நானே எழுதறேன்.”

“அப்ப யாருதான் உளவாளி?”

“நீ கோவிச்சுக்காத மாதிரி ஒரு ஆள்.”

ஆசிரியருக்குப் படித்துப் பார்க்க நேரமில்லாதபடி, அச்சுக்குப் போகும் நேரத்தில்தான் அந்த அத்தியாயத்தை அனுப்பினார்.

சனிக்கிழமை ஊரே பத்திரிகை வாங்கியது. டாப்சன் விடுதி வாசலில் பெஞ்சின் மேல் ஏறி உரக்கப் படித்தார். விடுதிக் கூரை பறந்தபோது எல்லோரும் தொப்பியைத் தூக்கி எறிந்தார்கள். அப்புறம் உளவாளி வந்தான். சர்ச் தெருவில் குடியிருப்பவன். முன்பு ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவன். பெயர் ஹோரஸ் பிளென்கின். பிடிபட்டதும் அவன் சொல்கிறான்: “விளக்கைக் காட்டச் சொன்னது ஊர்க்காரர்கள்தான். படை வந்தால் வியாபாரம் நடக்கும் என்றார்கள்.”

டாப்சனால் மேலே படிக்க முடியவில்லை. கூட்டம் சர்ச் தெருவுக்குத் திரும்பியது. பிளென்கின் கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“நாடு பூரா எங்க மானத்தை வாங்கிட்டியேடா!” என்று கத்தினார் டாப்சன்.

“படை வேணும்னு கேட்டீங்க, குடுத்தேன். உளவாளியும் வேணும்னீங்க. இதோ நிக்கிறேன். என்ன செய்யணுமோ செய்ங்க.”

யாரோ எறிந்த கல் மாடி ஜன்னலை உடைத்தது. அவர் தலையைக்கூடக் குனியவில்லை. உடைந்த கண்ணாடி வழியாக ஈடித் எட்டிப் பார்த்தாள்.

“இன்னும் மூணு ஜன்னல் இருக்கு, டாப்சன்! அதுக்குள்ள கை வலிக்குதா?”

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அடுத்த கல்லை எடுக்க யாருக்கும் துணிவு வரவில்லை.

பத்திரிகை அவரை நீக்கிவிட்டது. இப்போது மலிவு வாரப் பத்திரிகைகளுக்குக் கொலைக் கதைகள் எழுதுகிறார். விடுதியில் அவருக்குப் பீர் ஊற்ற மாட்டார்கள். அதனால் மாலை நேரங்களில் எதிரே கோல்ப் கடை வாசலில் நாற்காலியைப் போட்டு, டாப்சன் பார்க்கும்படி உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார். போகிறவர் வருகிறவர் “துரோகி” என்று முணுமுணுத்தால், “இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க,” என்கிறார்.

பக்கத்து நாற்காலியில் நானும் போய் உட்கார ஆரம்பித்திருக்கிறேன். என் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கும் போவேன்.